மருமகன் மாட்டிய மழைப் பீலி

கிடூயி,
டிசம்பர் இரண்டாம் தேதி.

மாண்பும் பொறுமையும் ஒருங்கே அமையப்பெற்ற மருமகன் கிதேகா அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் மனைவி கனினியைப் பெற்றவளாகிய வயுவா பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ஆடுகளும் கழுதையும் நலம். அவ்விடம் தாங்களும் என் மகளும் தங்கள் தகரப் பட்டறையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பே தங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய இந்த நன்றிக் கடிதம் தாமதமானதற்கு முதற்கண் மன்னிக்க வேண்டும். காரணம் சோம்பல் அன்று. நம் கம்பா குலத்தில் எந்த மாமியாரும் மருமகனுக்குக் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எவ்வாறு விளிப்பது என்று தெரியாமல் நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக்கூடாது, ஒரே வழியில் எதிரெதிரே வரக்கூடாது, ஒரே கூரையின்கீழ் நிற்கக்கூடாது என்றெல்லாம் விதித்த நம் முன்னோர், எழுதக்கூடாது என்று மட்டும் விதிக்கவில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலை ஆடு ஓட்டிக்கொண்டு கடந்திருக்கிறேனேயன்றி உள்ளே சென்றதில்லை; விதைப் பொட்டலங்களையும் ஆட்டு மருந்துச் சீட்டுகளையும் வைத்தே எழுத்தைக் கற்றவள் நான். ஆகவே பிழையிருப்பின் பொறுத்தருள்க. இராது என்றே நினைக்கிறேன்.

தாங்கள் செய்த உதவியின் அளவைத் தாங்களே அறிய மாட்டீர்கள். எங்கள் மகளிர் குழுவில் என் முறை வந்து, பெண்கள் எல்லோரும் மணல் சுமந்து கட்டிக்கொடுத்த பத்தாயிரம் லிட்டர் சிமெண்டுத் தொட்டி அக்டோபரில் முடிந்தது. புதுத் தொட்டி வெறுமையாக வெயிலில் கிடந்தால் வெடித்துவிடும். நவம்பர் மழையைத் தவறவிட்டால் அடுத்த மழை மார்ச்சு மாதக் கடைசியில்தான். அதுவரை நான் கழுதையோடு வறண்ட ஆற்றுக்குப் போய், மணலில் இடுப்பளவு குழி தோண்டி, ஊறும் தண்ணீரைச் சுரைக் குடுவையால் மொண்டு வர வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கழுதைக்கு இளமை இருக்கிறது. என் முழங்காலுக்கு இல்லை. ஆகையால் கூரையில் விழும் மழையைத் தாங்கித் தொட்டிக்கு அனுப்பும் பீலி ஒன்று உடனே தேவை என்பதும், அதைத் தேர்ந்தெடுக்கும் திறமை எனக்கே உண்டு என்பதும் என் துணிபாக இருந்தது.

மாதா கோயிலில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பீலியைப் போலவே நாலங்குலத்தில் ஒன்று வாங்குவதாக நான் முடிவு செய்திருந்த வேளையில்தான் தாங்கள் தகரச் சுருளும் ஏணியுமாக வந்து இறங்கினீர்கள். முறைப்படி நான் சோளக் குதிருக்குப் பின்னால் ஒதுங்கினேன். தாங்கள் தொட்டியருகே எனக்கு முதுகு காட்டி நின்றீர்கள். நடுவே நின்று நம் சொற்களை இரு பக்கமும் கடத்தும் பொறுப்பை அண்டை வீட்டுக் கலெக்யே ஏற்றாள். அவள் கடத்திய இலட்சணத்தை ஒருமுறை எழுதி வைத்தால்தான் என் மனம் ஆறும்.

"அத்தைகிட்ட சொல்லுங்கக்கா, பிளாஸ்டிக் வேண்டாம். நம்ம வெயிலுக்கு ரெண்டே வருஷத்துல முட்டை ஓடு மாதிரி நொறுங்கிடும்."

"வயுவா, உன் மாப்ள சொல்றாரு, நீ மாதா கோயிலைப் பார்த்துக் காப்பியடிக்கிறியாம்!"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா!"

"மனசுல நெனச்சீங்கல்ல?"

"நாலங்குலமும் பத்தாதுன்னு சொல்லுங்க. நம்ம ஊர் மழை தூறிக்கிட்டா இருக்கும்? மாசக்கணக்கா காணாமப் போயிட்டு ஒரே நாள்ல கவுத்துக் கொட்டும். சின்னப் பீலின்னா தண்ணி அதைத் தாண்டிக் குதிச்சிடும். ஆறங்குலமாவது வேணும்."

"உன் கூரை பெருசாம் வயுவா. உன் பிடிவாதம் அதைவிடப் பெருசாம்."

"கலெக்யே, அதையும் அவர்தான் சொன்னாரா?"

"இல்லடி, அது நான்."

இவ்வாறாக ஆறங்குலத் தகரப் பீலி தீர்மானமாயிற்று. அதே கணத்தில் சந்தைக்குப் போகும் பேருந்து ஒலியெழுப்ப, கலெக்யே தன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். மிஞ்சியது கழுதை. தாங்களும் சிறிது நேரம் யோசித்துவிட்டு, மிகுந்த பண்புடன் அதன் பக்கம் திரும்பி, "கழுதையே, பீலி எந்தப் பக்கம் சாயணும்னு அத்தைகிட்ட கேளு" என்றீர்கள். நானும் குதிருக்குப் பின்னாலிருந்து, "கழுதையே, மாப்பிள்ளை தொழில் தெரிஞ்சவரு, அவர் இஷ்டப்படியே செய்யச் சொல்லு" என்றேன். நான் செய்த பிழை இந்த மரியாதைதான். தங்கள் பிழையும் மரியாதையே. தொட்டி இருப்பது என் படுக்கையறை மூலையை ஒட்டி, வெளியே. மாமியாரின் கட்டில் சாய்ந்திருக்கும் சுவரில் மருமகன் ஆணி அடிப்பதாவது! ஆகவே தாங்கள் அந்தச் சுவருக்கு முன்பே பீலியை நிறுத்தி, மீதித் துண்டைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் ஓடும் வாட்டத்தை எதிர்ப்பக்கம், சமையலறை முனைக்குக் கொடுத்தீர்கள். அந்த முனையின் கீழே ஆட்டுப்பட்டி. குதிரின் இடுக்கு வழியாக நான் அனைத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் படுக்கையறை என்ற சொல்லை மருமகன் காதுபட எப்படி உச்சரிப்பேன்? கழுதை வழியாகக்கூட முடியாது. கலெக்யே வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தாங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். மழை அப்படி நினைக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அது வந்த வேகம் தங்களுக்கு நினைவிருக்கும். ஆறங்குலப் பீலி ஒரு சொட்டையும் சிந்தாமல், தங்கள் கைத்திறனுக்கு இலக்கணமாக, அவ்வளவு தண்ணீரையும் ஆடுகளின் தலையில் கொண்டுபோய்க் கொட்டியது. ஆடுகள் கதறின. தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டு குதிருக்குப் பின்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஆற்று மணலில் மார்ச்சு மாதம் வரைக்கும் நான் தோண்டப்போகும் குழிகள் கண்முன் வரிசையாகத் தெரிந்தன. அதன்பிறகு நடந்ததற்கு நானே பொறுப்பு.

"மாப்ளே! இன்னும் என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்த முனையைத் தூக்கிக் கட்டுங்க! மீதித் துண்டை இந்தப் பக்கம் மாட்டுங்க!"

ஏணி மேலிருந்த தாங்கள் அப்போதும் முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "கழுதையே, அத்தைகிட்ட சொல்லு, அந்தப் பக்கம் வந்து அவங்க..." என்று இழுத்தீர்கள்.

"கழுதை எப்பவோ ஓடிப்போச்சு! நான்தான் பேசறேன்! என் கட்டில் இருக்கிற சுவருதான், அடிங்க ஆணியை! கட்டிலுக்கு வலிக்காது!"

"அத்தே... கண்ணை மூடிக்கிட்டு அடிக்கவா?"

"கண்ணை மூடினா விரல் போயிடும்! நல்லாத் தொறந்துக்கிட்டே அடிங்க!"

தாங்கள் அடித்தீர்கள். பீலியின் முனையை நான் தொட்டி வாய்க்கு நேரே தலைக்குமேல் ஏந்தி நின்றேன். முதல் தண்ணீர் உள்ளே விழுந்த ஓசை கேட்டதும் தாங்கள் சிரித்தீர்கள். தங்கள் திருமணம் முடிந்த இந்தப் பதினொரு ஆண்டுகளில் தங்கள் முகத்தை அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று சற்றே கோணல் என்பதை என் மகள் சொல்லவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் தொட்டி என் மார்பளவு நிறைந்தது. அதன்பின் இன்றுவரை இரண்டு தூறலைத் தவிர வேறு மழையில்லை. அந்த ஒரு மழைதான் இந்தப் பருவம் முழுவதும். மாதா கோயிலின் பிளாஸ்டிக் பீலி அன்றே இரண்டாகப் பிளந்து தொங்குகிறது. கழுதையோ மூன்று வாரமாக ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, கொழுத்துவிட்டது. காலையில் தொட்டிக் குழாயைத் திறந்து முகம் கழுவும்போதெல்லாம் தங்களை வாழ்த்துகிறேன். இதற்கு ஈடாக எனக்குத் தெரிந்த சொற்களில் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தவையோ கொஞ்சமல்ல.

இருப்பினும் முறை முறைதான். விதியை முதலில் மீறியவள் நானாகையால், பெரியவர்கள் வழக்கப்படி பிராயச்சித்தமாக ஒரு வெள்ளாட்டைத் தங்களுக்கென ஒதுக்கிக் கட்டியிருக்கிறேன். இனிமேல் பழைய தூரத்தையே நாம் காக்க வேண்டும் என்பது என் உறுதியான முடிவு. தாங்கள் வரும்போது வேலியருகே இருமுறை இருமினால் நான் குதிருக்குப் பின்னால் போய்விடுவேன். அன்று பேசிய சொற்கள் மழையோடு போனதாகவே இருக்கட்டும்.

தாங்கள் வளைக்கும் தகரமெல்லாம் தங்கள் சொல் கேட்கட்டும். பட்டறை வாசலில் ஆள் குறையாதிருக்கட்டும். கனினிக்கு என் முத்தங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நன்றி மறவாத மாமியார்,
வயுவா.

பி.கு.: உறையில் போட்டு ஒட்டுமுன் வெளியே போய்ப் பார்த்தேன். மாலைத் தூறலில், படுக்கையறைச் சுவர்ப் பக்கத்து இணைப்பில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. கலெக்யே வழியாகச் சொல்லியனுப்பினால் தாங்கள் வேலை அரைகுறையாகச் செய்ததாக நான் திட்டினேன் என்பாள். கழுதைக்கு ஒழுகும் இணைப்பை அடைக்கும் ஈயப்பற்று பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே தூரத்தைக் காப்பது பற்றி மேலே எழுதிய பத்தியைத் தாங்கள் படிக்காததாகவே கொள்க. இவ்வளவு அழகாக அமைந்த தாளைக் கிழிக்க எனக்கு மனமில்லை. சனிக்கிழமை வாருங்கள். வேலியருகே இரும வேண்டாம், நேரே உள்ளே வாருங்கள். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். தொட்டித் தண்ணீரில் தேநீர் போட்டு என் கையாலேயே தருகிறேன். என்னிடமே நேரில் பேசலாம். வருவீர்களா என்பதை உடனே எழுதவும்.