மூன்று பாலங்கள் கண்ட ஒன்றியம்

ஒரு வாரமாக எழுதியும் தலைமை எழுத்தர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. நாற்பது வருஷம் தனியாக இருந்து, போன மாதம்தான் நகரத்தோடு சேர்க்கப்பட்ட கிராம ஒன்றியத்தின் வரலாற்றை எழுதும் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த ஒன்றியம் செய்த காரியம் என்று கண்ணுக்குத் தெரிவது ஓடைமேல் ஒரு பாலம். மற்றபடி கூடினார்கள், தின்றார்கள், கலைந்தார்கள்.

புத்தகம் நகரத்தின் புது ஆணையருக்குப் பிடித்துவிட்டால், வீட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி. பிடிக்காவிட்டால் மலைமேல் இருக்கும் கிளைக்கு மாற்றல். மலைக்குப் போவதானால் தனியாகத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்காரி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

பாலத்தை முதல் தலைவர் கட்டினார் என்று எழுதிவைத்தார். அந்த மனிதர் அடிக்கல் நாட்டியதோடு சரி. விஷயம் கசிந்து, இரண்டாம் தலைவர் வந்து மேஜையைத் தட்டினார்.

"நான் ரிப்பன் வெட்டின பாலத்தை அந்த ஆளுக்குத் தூக்கிக் குடுக்கிறீரா?"

வம்பு வேண்டாமென்று அவருக்கும் ஒரு பாலம் எழுதினார். மூன்றாம் தலைவர் மட்டும் இளிச்சவாயரா? பெயிண்ட் அடித்தது தான்தான் என்று வந்து நின்றார். அவருக்கும் ஒன்று. காகிதத்தில் கட்ட சிமென்ட்டா வேண்டும்?

தலைவர்கள் குளிர்ந்தார்கள். புத்தகத்தைப் படித்த ஆணையரோ, மூன்று பாலங்களையும் நாளைக் காலையில் நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

எழுத்தர் அலுவலகப் பியூனிடம் போய்ப் புலம்பினார். அவன்தான் தைரியம் சொன்னான்.

"பாலம் ஒண்ணா இருந்தா என்ன சார், வழி மூணு இருக்கே."

மறுநாள் எழுத்தர் ஆணையரின் காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, கிழக்கு வழியாகக் கூட்டிப்போனார். பாலத்தில் முதல் தலைவரின் பெயர்ப்பலகை தொங்கியது. பிறகு புழுதி பறக்க ஊரைச் சுற்றி மேற்கு வழியாக வந்தார்கள். இரண்டாம் தலைவரின் பலகை தொங்கியது. கைப்பிடிச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த எருமை மட்டும் மாறவில்லை. மூன்றாம் முறை தோப்பு வழியாக வந்தபோதும் அதே எருமைதான். அவசரத்தில் பியூன் பலகையைத் தலைகீழாக மாட்டியிருந்தான்.

ஆணையர் இறங்கினார். பலகையைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. டிரைவரிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஓடைக்கரையோரம் நடந்தார். எழுத்தர் மனதுக்குள் மலைக்குப் பெட்டி கட்டத் தொடங்கினார்.

டிரைவர் பக்கத்தில் வந்தார்.

"ஐயாவுக்குத் தெரிஞ்சுபோச்சா அண்ணே?" என்று எழுத்தர் கேட்டார்.

"தெரியாம என்ன? அந்தக் காலத்துல இங்க இன்ஜினியரா இருந்து இதைக் கட்டினதே அவர்தான்," என்றார் டிரைவர். "நாலு பாலம் கட்டினதா கணக்குக் காட்டிட்டுப் போனவராம். புஸ்தகத்துல ஒண்ணை ஏன் விட்டீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."