ஹட்டனில் நான் கூட்டம் தேடியது

ராகலையில் குடியிருக்கும் பெருமதிப்புக்குரிய மச்சான் கஜேந்திரன் அவர்களுக்கு, நோர்வூட் தோட்டத்து லயத்திலிருந்து சோலைமலை கைகூப்பி எழுதுவது. நான் நலம். இதற்கு முன் நலம் என்று எழுதியபோதெல்லாம் நான் நலமாக இல்லை; இந்த முறை உண்மையாகவே நலம். போனில் பேசினால் என் குரலை வைத்தே என் நிலைமையை எடை போடுகிறீர்கள் என்பதால்தான் கடிதம். எழுத்து கோட்டிலேயே போவதைக் கவனிக்கவும்.

மகள் பிரேமினியைப் பெண் கேட்டு வந்த அன்று நான் தேயிலைச் செடிக்கடியில் விழுந்து கிடந்ததும், எனக்குக் காய்ச்சல் என்று உங்கள் தங்கை ஜீவராணி சமாளித்ததும், நானே எழுந்து வந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் எனக்குக் காய்ச்சலே இல்லை என்று சத்தியம் செய்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. சம்பந்தம் கெடாமல் பிழைத்தது அவர்களுடைய நல்ல மனசு. மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் புறப்பட்ட ஜீவராணி, "ஹட்டன்ல குடிய விடுறவங்களுக்குக் கூட்டம் நடக்குதாம். அங்க போய்ட்டு அப்பறம் என்னயக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் இறங்கி, மானத்துக்குப் பயந்து, ஒரு புடவைக்கடைக்காரரிடம் "கூட்டம் எங்கங்க நடக்குது?" என்று மட்டும் கேட்டேன். அவர் மாடிப்படியைக் காட்டினார். மேலே நாற்பது பேர் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். இதுதான் என்று நானும் உட்கார்ந்தேன். ஒரு அம்மா எழுந்து, "வீட்டுல சொன்னா கேக்குறதே இல்லீங்க" என்று அழுதார். என் கதைதான் என்று எனக்கும் கண்ணீர் வந்தது. அப்புறம்தான் அது டியூஷன் வகுப்புப் பெற்றோர் கூட்டம் என்று தெரிந்தது. அதற்குள் என் கண்ணீரைப் பார்த்து, பொறுப்பான மனுஷன் என்று உபதலைவராகத் தெரிவு செய்துவிட்டார்கள். மறுவாரமும் யாரிடமும் விஷயத்தைச் சொல்லாமல் தேடி, ஒரு கண் மருத்துவ முகாமில் போய் உட்கார்ந்து கண்ணாடியோடு திரும்பினேன். கண்ணாடி நன்றாக இருக்கிறது. பத்திரிகை வாசிக்கிறேன்.

மூன்றாவது வாரம் பொறுக்காமல் ஒரு ஆட்டோக்காரரின் காதில் ரகசியமாகச் சொன்னேன். அவர் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்க, "குடிய நிப்பாட்டுற கூட்டமா? தண்ணி டாங்கி பக்கத்துல, நீலக் கதவு" என்றார். வடை விற்றவர், "மூணு மணிக்குத்தான் தொறப்பாங்க" என்று திருத்தினார். நான் இரண்டு வாரம் கட்டிக்காத்த ரகசியம் ஊருக்கே பாடமாக இருந்தது.

நீலக் கதவைத் திறந்தால், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றது எங்கள் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு கந்தப்பன். குடித்துவிட்டு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்காக என்னை எத்தனையோ நாள் வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிய அதே கந்தப்பன். என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேங்க" என்றேன்.

"நான் பதினோரு வருசமா வர்றேன் சோலைமலை. இங்கயும் நீதான் லேட்டு. உக்காரு."

அன்று ஒரு சிங்கள ஐயா முதலில் பேசினார். பாதிதான் விளங்கியது, மகளின் பெயரைச் சொன்ன இடத்தில் அவர் நிறுத்தியது மட்டும் முழுதாக விளங்கியது. என் முறை வந்தபோது, மழை, குளிர், தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் உடம்பு வலி என்று தயார் செய்து வைத்திருந்த காரணம் ஒன்றும் வாயில் வரவில்லை. "எனக்குக் காச்சல் இல்லீங்க, குடிச்சிருந்தேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, கைதான் தட்டினார்கள். கந்தப்பன் இன்னொரு கோப்பை ஊற்றித் தந்தார்.

அன்று முதல் இன்றோடு ஐம்பத்தைந்து நாள். ஒரு சொட்டு இல்லை. ஆகவே மச்சான், நான் முழுதாகத் திருந்திவிட்டேன் என்று உறுதியாகத் தெரிவித்து, ஜீவராணியையும் பிரேமினியையும் அடுத்த வாரமே அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாரியம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
சோலைமலை

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதினேன். சனிக்கிழமை தபாலில் போடப் போன இடத்தில் குடித்துவிட்டேன். துக்கமும் இல்லை, விசேஷமும் இல்லை. கடை திறந்திருந்தது, உள்ளே போனேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தில் போர்த்திப் படுத்திருந்தவனிடம் கந்தப்பன் வந்து, "எந்திரி, பஸ் வருது" என்றார். கூட்டத்தில் எழுந்து சொன்னேன். முன்னைவிடச் சத்தமாகக் கை தட்டினார்கள். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை, ஆனால் அடுத்த ஞாயிறும் போவேன். ஆகவே ஐம்பத்தைந்து நாள் என்பதை இரண்டு நாள் என்று படிக்கவும். ஜீவராணியை இப்போது அனுப்ப வேண்டாம். இதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் குடித்ததை அவளாகக் கண்டுபிடிக்குமுன் நானாகச் சொல்வது இருபத்துமூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இந்தப் பின்குறிப்பை அவளுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள்.