வாய்க்கரிசிக்குக் கினோவா

எது நல்ல சாப்பாடு என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. என் வீடே சாட்சி.

வண்டிப்பெரியாரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாடிப்படி, மாத்திரை, குக்கர் விசில், பக்கத்து வீட்டுக்காரர் இருமல், எல்லாவற்றையும் எண்ணுவேன். (தூக்கம் வராதவர்கள் எண்ணுவார்களாம். எனக்கு எண்ணுவதால்தான் தூக்கம் வருவதில்லை.) இப்படிப்பட்டவனிடம் போய் டாக்டர், "சர்க்கரை கூடியிருக்கு, அரிசியக் குறைங்க, கினோவா மாதிரி எதையாவது சேத்துக்குங்க" என்று சொல்லியிருக்கக் கூடாது.

அவர் குறைக்கச் சொன்னார். நான் ஒழித்தேன். இருந்த அரிசியை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, "நீங்களும் இந்த விஷத்தைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள்" என்று அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தேன். காலியான அரிசி டின்னில் கினோவாவைக் கொட்டினேன். வெளிறிய, பொடி உருண்டை மணிகள். என் மனைவி பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "லவ் பேர்ட்ஸ் எதும் வாங்கப் போறீகளா?" என்றாள்.

முதல் சமையலை நானே செய்தேன். அந்தத் தானியத்தின் மேல் கசப்பான பூச்சு ஒன்று உண்டு, நுரை அடங்கும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. நான் படித்தது புரதம் எவ்வளவு என்பதை மட்டும். குக்கரில் விசிலுக்கு முன்னால் நுரை வந்தது.

அன்று பார்த்துத்தான் பேச்சியின் அண்ணன் முத்தையா மச்சான் சாப்பிட வந்திருந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்துவிட்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டவர். மூன்று வேளையும் சோறு கேட்கிற மனிதர். சாம்பாரை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். எழுந்துபோய் முற்றத்தில் துப்பினார்.

"மாப்ள, பாத்திரம் வெளக்குன தண்ணியிலயா பொங்குனீரு?"

"அத்தனையும் சத்து மச்சான். ஒன்பது அமினோ அமிலம் இருக்கு."

"ஒம்பது இருக்கட்டும்வே. சோறு இருக்கா?"

"பழகினா பிடிச்சுப்போகும்."

"செத்தாலும் இத நான் வாயில வைக்க மாட்டேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் பசியோடு படி இறங்குவதைப் பேச்சி பார்த்துக்கொண்டே நின்றாள். மச்சான் சும்மா இருக்கவில்லை. லயம் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அடுத்த மாதமே அவர் மாரடைப்பில் போய்விட்டார். அன்றைக்கு ஹர்த்தால் வேறு.

சேதி வந்ததும் பேச்சி கட்டின சேலையோடு ஓடிவிட்டாள். பிறகு போன் செய்தாள். எங்கள் வழக்கத்தில் உடன்பிறந்தவள் தன் வீட்டு அரிசியைத்தான் வாய்க்கரிசியாகப் போட வேண்டும். "ஏங்க, நம்ம வீட்டரிசி ஒரு பிடி, வெள்ளத்துணில முடிஞ்சு கொண்டாங்க. பெட்டென்னு வாங்க." அழுகையில் அவளுக்கு டின்னின் நிலவரம் மறந்துபோயிருந்தது.

ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசல்வரை போனேன். விஷம் என்று நானே சொன்னதை நானே போய்க் கேட்பதா? உள்ளே குக்கர் விசிலடித்தது. எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன்.

இதுவும் தானியம்தானே, இறந்தவருக்கு ருசியா தெரியப்போகிறது, அரிசியைவிடச் சத்தும் அதிகம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கினோவாவை முடிந்துகொண்டு நடந்தேன். (சத்து யாருக்கு என்று யோசிக்கவில்லை.)

பேச்சி முடிச்சை அவிழ்த்தாள். கண்ணில் நீர் மறைக்க, ஒரு பிடி அள்ளி அண்ணன் உதட்டில் வைத்தாள். தாடையைக் கட்டியிருந்தார்கள். அரிசி என்றால் தங்கும். இது உருண்டை. மீசை வழியாக உருண்டு, கன்னத்தில் இறங்கி, பாயில் சிதறியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் உருண்டது.

பின்வரிசையில் யாரோ குனிந்து பார்த்தார். "வாத்தியாரு கொண்டாந்த தீனில்ல! சொன்னபடியே துப்பிட்டான்யா முத்தையா!"

யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான். ஒப்பாரி வைத்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. தாலி அறுக்கக் காத்திருந்த மச்சானின் மனைவியே, "ஆமா, அந்த மனுசன் சொன்ன சொல்லு மாறாது" என்று சிரித்துவிட்டு, பிறகு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. கையில் மிச்சமிருந்ததை விரலால் உருட்டிப் பார்த்தாள். எழுந்தாள். அடுத்த வீட்டு வாசலில் போய் முந்தானையை ஏந்தி, "ஒரு பிடி அரிசி தா தாயி" என்றாள். அதைத்தான் அண்ணனுக்குப் போட்டாள்.

வண்டி இல்லாத சாலையில் நடந்தே வீடு திரும்பினோம். வழி நெடுக அவள் பேசியது ஒன்றுதான். "கூடப் பெறந்தவனுக்கு எரவல் அரிசி போட வச்சுட்டீகளே."

இப்போது எங்கள் வீட்டில் சோறும் உண்டு, கினோவாவும் உண்டு. கழுவிச் சமைத்தால் நன்றாகவே இருக்கிறது. அதைச் சொன்னால் கேட்கத்தான் ஆளில்லை. பேரப்பிள்ளைகள் பாகற்காயைக் கண்டால், "முத்தையா தாத்தா மாதிரி துப்பிருவேன்" என்கிறார்கள். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுகிறவர்கள் என்னைக் கண்டதும், "வாத்தியாரே, இது அரிசிதான், உருளாது" என்கிறார்கள்.

அடுக்களையின் மேல்தட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. நிறையப் பொன்னி அரிசி. வண்டு வராமல் பேச்சி அவ்வப்போது மாற்றி வைக்கிறாள். யாரையும் தொட விடுவதில்லை. எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒங்களுக்குத்தேன்" என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "அன்னைக்கும் ஹர்த்தாலா இருந்தா?"

வீட்டில் நான் எண்ணாத பொருள் அது ஒன்றுதான்.