அழிக்க மறுத்த அழிப்பான் அண்ணே

வாசல் தேடி வந்த வாடிக்கையாளரைத் திட்டி விரட்டியே பிழைப்பு நடத்தியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பிரிக்பீல்ட்ஸில் என் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் பக்கத்து அறையில் இருந்தார்.

கதவில் 'கிரெடிட் பிரச்சினைகளுக்கு உதவி' என்று எழுதியிருக்கும். பேங்குகள் லோன் தருமுன் பார்க்கும் கடன் அறிக்கையில் உள்ள கெட்ட பெயரை அழித்துத் தருவார் என்று நம்பி வந்தவர்கள் வைத்த பெயர் அழிப்பான் அண்ணே.

"கடன் வாங்குனியா?"

"ஆமா அண்ணே."

"கட்டாம விட்டியா?"

"கொஞ்சம் கஷ்டம் லா..."

"அப்ப அதுல இருக்கிறது உண்மைதானே! அழிக்க நான் யாரு? போய்க் கட்டு!"

இந்தச் சத்தத்தில் என் வாடிக்கையாளர்களும் பாலிசி எடுக்காமலே எழுந்து ஓடுவார்கள்.

அறிக்கையில் தப்பு இருந்தால் மட்டும் மனிதருக்குக் கொண்டாட்டம். கட்டி முடித்த கார் கடன் பாக்கி என்று காட்டினால், ரசீதோடு எழுதிப்போட்டுத் திருத்த வைப்பார். கூலியை வாங்கிக்கொண்டே, "இத நீயே ஃப்ரீயா பண்ணியிருக்கலாம்" என்று அதற்கும் திட்டுவார். கடை விளங்குமா?

பண்டமாரானிலிருந்து லோரி ஓட்டுநர் சேகரும் மனைவி தேவியும் வந்த அன்றுதான் அவர் திட்டவில்லை. அவர்கள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். தாங்களே வாங்கலாம் என்றால் பேங்க் லோன் தரவில்லை. காரணம், சேகர் தங்கையின் நிச்சயத்தன்று, மாப்பிள்ளை தன் புது லோரிக் கடனுக்கு ஜாமீன் கேட்டிருக்கிறார். பெண் கொடுக்கிற இடத்தில் முடியாது என்று எப்படிச் சொல்வது? தட்டு மாற்றும் முன்பே சேகர் கையெழுத்துப் போட்டுவிட்டான். மாப்பிள்ளை தவணை கட்டவில்லை; அந்தப் பாக்கி சேகர் பெயரில் ஏறிவிட்டது.

போதாததற்கு, "ஒரே மாசத்துல கிளீன் பண்ணிடலாம் பாஸ்" என்று சொல்லி, சுபாங் ஜெயாவில் கெட்ட பெயரை அழிப்பதாகக் கடை போட்டிருந்த ஒருவன், தேவி நகையை அடகு வைத்துக் கொடுத்த பணத்தையும் விழுங்கியிருந்தான்.

அண்ணே அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஒரு தப்பாவது அகப்படாதா என்று தேடினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. பேங்க்ல பேசி, பாக்கிய கொஞ்சம் கொஞ்சமா கட்டணும். பேரு சரியாக வருஷக்கணக்கு ஆகும். இந்த வீடு கிடைக்காது."

"நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?" என்று அழுதுகொண்டே படியிறங்கினாள் தேவி.

மறுநாள் அண்ணே தன் அறையைப் பூட்டிவிட்டு, அந்த சுபாங் ஜெயா கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே போகிறவர்களிடம் எல்லாம், "உண்மையா இருந்தா இவனாலயும் அழிக்க முடியாது ஆன்டி, வீட்டுக்குப் போங்க" என்றார். கடை ஆட்கள் அடித்துத் தள்ளியதில் மூக்குக்கண்ணாடி உடைந்தது. டேப் ஒட்டிய கண்ணாடியோடு மறுபடியும் போனார். கடைசியில் வியாபாரம் படுத்து, இவர் எழுந்து போனால் போதும் என்று சேகரின் பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்குள் வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். சேகரும் தேவியும் வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றிய அன்று, அண்ணே என்னையும் இழுத்துக்கொண்டு பண்டமாரானுக்குப் போய்ப் பணத்தை நீட்டினார்.

"கோவமா மா?"

காலி வீட்டைப் பார்த்துக்கொண்டே தேவி சொன்னாள்: "முடியும் முடியும்னு சொன்னவங்க யாரும் இன்னிக்கு வரல. சாப்ட்டுப் போங்க அண்ணே."

அடுப்பும் லோரியில் ஏறிவிட்டதால், கடையில் வாங்கிய, தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும் கட்டிய நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை அவர் கையில் வைத்தாள். அண்ணே ஒரு வாய் வைத்தார். கண்ணில் நீர் கொட்டியது.

"சம்பல் காரம் லா," என்றார்.

ஊரையே திட்டிய அந்த மனிதரை அன்று தனியாக வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.