பத்து நிமிடத்தில் காலியான தொட்டி

அரசாங்க வேலை என்றால் ஆமை வேகம், தனியார் என்றால் மின்னல் வேகம் என்று டீக்கடை டீக்கடையாகப் பேசித் திரிந்தவன் நான். (திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஆபீசில் வேலை. தனியாரைப் புகழ்வதற்கென்று தனிச் சம்பளம் தரவில்லை.) அந்த வாய் அடைபட ஒரே காலை போதுமானதாக இருந்தது.

பெண் வீட்டார் ராசிபுரத்திலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க வருகிற நாள். அன்று பார்த்துக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வாசல்வரை நாற்றம். மூன்று ஜாதகம் தட்டிப்போய் நாலாவதாக அமைந்த இடம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. (கலக்கினாலும் போக வழியில்லை.)

நகராட்சிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நிதானமாகக் கேட்டார்.

"தொட்டி ஊட்டுக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா? மூடி எத்தனைங்க? எந்த மூடின்னு அடையாளம் சொல்லுங்க."

"பத்தரைக்கு ஆளுக வாராங்க, நீங்க மூடிய எண்ணிக்கிட்டிருக்கறீங்க! உங்க வண்டியே வேண்டாங்க."

"வேண்டாம்னா எழுதிக் குடுக்கோணுங்க."

போனை வைத்துவிட்டுத் தனியார் வண்டியைக் கூப்பிட்டேன். பதினைந்தே நிமிடத்தில் வந்து நின்றது. மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தவன், சோப்பு நுரையோடு எட்டிப்பார்த்துக் கையை வீசி, "அதாங்க, அந்த மூடிதான்!" என்றேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கிடையாது. குழாயை விட்டார்கள், உறிஞ்சினார்கள், பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா குடத்தோடு ஓடி வந்தாள். "ஏன் சாமி, குடிதண்ணித் தொட்டி காலியாக் கெடக்குது?"

நகராட்சிக் குழாயில் இனி எட்டு நாள் கழித்துத்தான் தண்ணீர் வரும். நாற்றமோ அப்படியே இருந்தது. வாசலில் கார் வந்து நின்றது.

வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் நகராட்சி வண்டியும் வந்துவிட்டது. நான் எழுதிக் கொடுக்காததால் ரத்தாகவில்லையாம். டிரைவர் இறங்கி, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏனுங்க, எந்த மூடிங்க?"

இந்தச் சம்பந்தமும் போச்சு என்றே நினைத்தேன். காட்டக் கை எழவில்லை. சொம்போடு திரும்பிய அம்மா, பெண்ணின் அப்பாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் இரண்டு மூடிகளையும் திறந்து பார்த்து, சரியானதை டிரைவருக்குக் காட்டினார். வேலை முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் வண்டி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னார். "நாள் பாத்துச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊட்டச் சுத்திக் காட்டறதுக்காச்சும் ஒரு ஆளு வேணுமில்லீங்க."

கல்யாணச் சீரில் கட்டில், பீரோவோடு இரண்டு பெயிண்ட் டப்பாக்களும் வந்து இறங்கின. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மாமனாரே குனிந்து இரண்டு மூடிகளுக்கும் அடித்துவிட்டுப் போனார். இருந்தும், இப்போது எந்த வண்டி வந்தாலும் மூடியைக் காட்ட என் மனைவிதான் போகிறாள். போகும்முன் என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறாள்.