ஐம்பத்தாறு மூலிகைகளின் காவலர்

மனித குலத்தில் ‘ஊற்றுபவர்’ என்றோர் இனம் உண்டு. குடிப்பவரோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குடிப்பவர் தானும் குடிப்பார், மனமிருந்தால் உங்களுக்கும் கொடுப்பார். ஊற்றுபவர் உங்களுக்குக் கொடுப்பார். அவ்வளவுதான்.

ஜெர்மனியில், எங்கள் ஹார்ட்ஸ் மலை ஊர்களில் இந்த இனம் தெருவுக்கு ஒன்று தேறும். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஃபோல்க்மார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுளில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனாலும் பச்சை வேட்டைத் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டார்.

அவரிடம் ஒரு மூலிகை மது இருக்கிறது. மது என்று எழுதிவிட்டேனே! அவர் காதில் விழுந்தால் தொலைந்தேன். அது மருந்து. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் காதில் ஒரு துறவி சாகும் தறுவாயில் ஓதிவிட்டுப் போன செய்முறை. (போன வருடம் அவர் துறவியில்லை, படை மருத்துவர். சாகவுமில்லை, சீட்டாட்டத்தில் தோற்றிருந்தார்.) கிராம்பு, சோம்பு, ஆரஞ்சுத் தோல், பெயர் சொல்லக் கூடாத சில வேர்கள் எல்லாவற்றையும் சாராயத்தில் ஊறப்போட்டு, ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் இருட்டில் தூங்கவைத்து, கருக்கிய சர்க்கரையைக் கலந்து எடுத்தால், தார் நிறத்தில், இருமல் மருந்து வாசனையில், முதலில் இனித்து, பிறகு கசந்து, கடைசியில் பெற்ற தகப்பன் பெயரையே மறக்கடிக்கும் ஒரு திரவம் கிடைக்கும். நான் இந்த ஊருக்கு வந்தபோது அதில் முப்பத்தைந்து மூலிகை. பிறகு நாற்பத்துமூன்று. இப்போது ஐம்பத்தாறு. இனிமேல் மலையில் புதிதாக முளைத்தால்தான் உண்டு.

வயிறு மந்தமா? ஒரு கிண்ணம். மூட்டுவலியா? ஒரு கிண்ணம். மகனுக்குப் பெண் அமையவில்லையா? இரண்டு.

வருடம் முழுக்க அந்த வீட்டில் ஃபோல்க்மாரின் பேச்சைக் கேட்பது சுவர்க்கடிகாரம் மட்டும்தான். ஆனால் நவம்பரில் புனித மார்ட்டின் நாள் வந்து, உறவும் தெருவும் அவர் வீட்டில் விருந்துக்குக் கூடி, மதியம் வறுத்த வாத்தும் சிவப்பு முட்டைக்கோசும் உருளைக்கிழங்கு உருண்டையும் எல்லோர் வயிற்றிலும் கல்லாக இறங்கியதும், அவர் புட்டியோடு எழுந்து நிற்பார். பன்னிரண்டு நிமிடம் பேசுவார். மனைவி கெசீனெகூட வாய் திறக்க மாட்டாள். அந்தப் புட்டி போனால் மனிதரிடம் மிஞ்சுவது தொப்பிதான்.

பேச்சு முடிந்தால் சடங்கு. வேட்டைக்காரர் வழக்கப்படி கிண்ணம் இடக்கையில், வலக்கை துப்பாக்கிக்காம். கண்ணுக்குக் கண் பார்த்துக் கிண்ணங்களை மோத வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே மடக்கில் அண்ணாந்து குடிக்க வேண்டும். எல்லோர் கண்ணும் கூரையில் இருக்கும் அந்த ஒரு நொடியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஃபோல்க்மாரின் இடக்கை பக்கத்து ரப்பர் செடிக்கு மருந்து கொடுத்துவிடும். பத்தொன்பது வருடமாக! எனக்கெப்படித் தெரியும்? ஒரு வருடம் கழுத்து சுளுக்கி என்னால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

இந்த வருடம் மகள் அன்கே தன் புதுக் கணவன் டியார்க்கை அழைத்து வந்தாள். பையன் ஹாம்புர்க்கில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். மருந்துக்கடைக்காரன் முன்னால் இதை மருந்து என்று சொல்வதா? அவன் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், மறுவருடம் புட்டி அலமாரியை விட்டு இறங்காது. நாலே நிமிடத்தில் ஃபோல்க்மாரின் பேச்சு தடுமாறியது.

“மாப்பிள்ளை, இது... சாராயம் இல்ல. மருந்து. அம்பத்தாறு மூலிகை.”

“அடேயப்பா! என்னென்ன மாமா?”

“சொல்லக் கூடாது.”

“சொல்லாதீங்க. ஊத்துங்க.”

மோதினோம். அண்ணாந்தோம்; நான் மட்டும் ஓரக்கண்ணைக் கீழே வைத்திருந்தேன். ஃபோல்க்மாரின் இடக்கை பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் போனது. அங்கே தொட்டி இல்லை.

“என்ன தேடுற, ஃபோல்க்மார்?” என்றாள் கெசீனெ. “செடியா? அது வசந்தத்துலயே செத்துப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.”

எல்லோரும் தலையைத் தாழ்த்தினோம். அவர் கிண்ணம் மட்டும் தளும்பி நின்றது.

டியார்க் உதட்டை நக்கிக்கொண்டான். “பிரமாதம் மாமா! நீங்க இன்னும் குடிக்கலையா?”

“நான்... கொஞ்சம் மெதுவா...”

“மருந்தை யாராவது மெதுவாக் குடிப்பாங்களா? கடைக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ஒரே மடக்கு!”

குடித்தார். ஐம்பத்தாறு மூலிகைகளும் ஒவ்வொன்றாக வந்து அவரிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். காது சிவந்தது. தொப்பி தானாக அசைந்தது.

“அப்பா, என்னாச்சு?”

“அம்பத்தஞ்சுதான் இருக்கு,” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஒண்ணு குறையுது.”

“அது ரப்பர் செடியா இருக்கும்,” என்றாள் கெசீனெ.

மேசையே குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் டியார்க் எழுந்து புட்டியைக் கையில் வாங்கிக்கொண்டான். “நீங்க உக்காருங்க மாமா, அடுத்த சுற்று நான் பாத்துக்கறேன்.” மிச்சமிருந்த எட்டு நிமிடத்தையும் அவனே பேசினான். துறவியைப் பற்றித்தான். மாமனாரின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினான். எல்லோருக்கும் நிரப்பினான். தனக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளவில்லை. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கஷாயமோ, விடியற்காலை நடையோ, பொறுமையாக இருக்கச் சொல்லும் புத்திமதியோ, ஊருக்கெல்லாம் நீங்கள் தாராளமாக ஊற்றிக்கொண்டிருப்பது எதுவென்று நான் கேட்கப்போவதில்லை.

உங்கள் ஜன்னலோரச் செடி சௌக்கியமா?