பொம்மையிடம் அனுமதி கேட்ட பஞ்சர் அண்ணன்

ரப்பர் பொம்மைக்கும் மானம் உண்டு என்று நம்பிய ஒரே மனுஷன் இந்த மதுரை ஜில்லாவிலேயே பஞ்சர் அண்ணன்தான். அவரால் ஏறிய என் ரத்தக்கொதிப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேலே, மூன்றாவது மாடியில், நர்சிங் உதவியாளர் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. முப்பத்தெட்டு வயதில் எனக்குப் படிக்கிற ஆசை வந்து, பரவையிலிருந்து தினமும் பஸ் பிடித்து அங்கே போனேன். வகுப்பில் இருபத்து மூன்று பொம்பளைகள், ஒரே ஒரு ஆம்பளை. அவர் அவனியாபுரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எங்களுக்கு முந்தின ரெண்டு பேட்ச்சிலும் ஃபெயிலாகி எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். மூன்று தடவைக்கு மேல் பரீட்சைக்கு விடமாட்டார்கள். அவருக்கு இதுதான் கடைசி. ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். "சர்டிபிகேட்டோட வாங்க, மறுநாளே சேர்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்களாம். கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் மூன்று மாடி ஏறி வந்தார்.

வந்தவர் ஒழுங்காகப் படித்துத் தொலைக்க வேண்டியதுதானே?

பரீட்சையில் அவரைக் கவிழ்த்தது ஒரே ஒரு வேலை. எழுந்து நடமாட முடியாதவர்களுக்குச் சிறுநீர் போக டியூப் போட்டு, அதன் முனையில் ஒரு பையை மாட்டியிருப்பார்கள். அந்த டியூபைச் சுத்தம் செய்யவேண்டும். டியூப் உடம்புக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கையால் ஆடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக நாலு அங்குலம் துடைக்கவேண்டும். திரும்ப உள்பக்கம் துடைத்தால் அழுக்கு உடம்புக்குள் போகும். ஒவ்வொரு தடவையும் துணியில் புது இடம். டியூபை இழுக்கக்கூடாது, மடங்க விடக்கூடாது. பை இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையில் படக்கூடாது. முதலில் கதவைத் தட்டுவதிலிருந்து கடைசியில் கை கழுவுவது வரை மொத்தம் இருபத்து நாலு படி. பதினைந்து நிமிஷம்.

இதைக் கற்றுக்கொள்ள மையத்தில் இருந்தது ஒரு பொம்மை. ஆள் உயரம், பாதி ரப்பர், பாதி பிளாஸ்டிக், இடது காது கிடையாது. டியூபைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பையில் மஞ்சள் கரைத்த தண்ணீர். அந்தப் பையும் ஓட்டை. பஞ்சர் அண்ணன்தான் கடையிலிருந்து டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் பசை கொண்டுவந்து ஒட்டுப் போட்டார். அந்த மையத்தில் உருப்படியாக வேலை செய்த ஒரே பொருள் அந்த ஒட்டுதான்.

மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. கையுறை ஒரே ஜோடி, அதிலும் ஒரு விரல் கிழிசல். ஆகவே எங்கள் மேடம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "செஞ்சு காட்ட வேணாம். வாயால சொல்லுங்க. 'கை கழுவிவிட்டேன்', 'கையுறை அணிந்துவிட்டேன்'னு வரிசையாச் சொன்னாப் போதும். எக்ஸாமினர் காதுதான் மார்க் போடும்."

சொன்னோம். வாய்ப்பாடு மாதிரி சொன்னோம். நான் இருபத்து நாலு படியையும் நாலு நிமிஷத்தில் சொல்லி முடிப்பேன். கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி இருக்கும். வகுப்பே கைதட்டும். மேடம் என்னைப் பார்த்துப் பூரித்துப்போவார்.

என் கெட்ட நேரம், பழகுவதற்கு எனக்கு ஜோடியாகப் போட்டது பஞ்சர் அண்ணனை.

முதல் நாள் கதவுக்கு வெளியே போய் நின்று தட்டினார். உள்ளே வந்து, பொம்மையின் காதுள்ள பக்கமாகப் போய்க் குனிந்தார். "ஐயா, வணக்கம். டியூபத் தொடச்சு விடப் போறேன். கொஞ்சம் வேட்டிய விலக்கணும். விலக்கலாமா?" கேட்டுவிட்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்னண்ணே?"

"கேட்டிருக்கேன்ல. பதில் வரட்டும்."

"அது பொம்மைண்ணே!"

"தெரியும் தங்கச்சி. ஒரு ஆளு யோசிச்சு 'சரி'ங்கிறதுக்கு எம்புட்டு நேரமாகுமோ அம்புட்டு நேரம் நிக்கணும். நின்னு பழகணும்ல?"

பொம்மைக்கு வேட்டி ஏது என்று கேட்பீர்கள். அவர்தான் கொண்டுவந்தார். வெள்ளை வேட்டி, நீலம் போட்டுத் துவைத்தது. "இத்தனை பொம்பளைங்க இருக்கிற எடத்துல இவரு இப்பிடிக் கெடக்குறாரு. நமக்கே கூச்சமா இருக்கு." தினமும் வகுப்பு முடிந்ததும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார், மறுநாள் வந்து கட்டிவிடுவார். ஒருநாள் அவர் காய்ச்சலில் வரவில்லை. பொம்மை பழையபடி கிடந்தது. எனக்குக்கூட அந்தப் பக்கம் பார்க்க ஒருமாதிரி இருந்தது. எல்லாம் இந்த ஆள் செய்த வேலை.

தண்ணீர் இல்லை என்றால் பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருவார். மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்ப்பார்.

"பொம்மைக்குச் சுடுமாண்ணே?"

"சுடாது. என் கைக்குப் பழக்கம் வரணும்ல."

முதல் பரீட்சையில் பொம்மையின் பதிலுக்குக் காத்திருந்தே நேரம் போய் ஃபெயில். ரெண்டாவதில் வெந்நீர் ஆறட்டும் என்று காத்திருந்து ஃபெயில். இப்போது மூன்றாவதுக்கும் அதே கூத்து. எனக்கு வந்ததே கோபம். பரீட்சைக்கு முந்தின நாள் டீக்கடையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணே, உங்களுக்குக் கிறுக்கா? வேலை வேணுமா, வேணாமா? நாளைக்கும் போய் பொம்மைகிட்டக் கொஞ்சிக்கிட்டு நிக்கப் போறீங்களா?"

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா பதினோரு மாசம் டியூபோட கெடந்தாரு தங்கச்சி. நாந்தேன் பாத்தேன். ஒருநா கடைக்கு நேரமாச்சுன்னு, சொல்லாமக் கொள்ளாம வேட்டிய விலக்கி, வெடுக்குன்னு டியூப இழுத்துட்டேன். உசுரு போற வலி வந்திருக்கும். கத்தல. 'சொல்லிட்டுத் தொடுப்பா'ன்னாரு. அம்புட்டுத்தேன். அதுக்கப்புறம் ரொம்ப நாள் இல்ல."

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. நல்ல மனுஷன் ஃபெயிலாகப் போகிறானே என்று வருகிற கோபம். "சரிண்ணே, அதெல்லாம் வேலையில சேர்ந்த பிறகு செய்ங்க. நாளைக்கு மட்டும் வாயால சொல்லிட்டு வாங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்றேன். ராத்திரி பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அங்கேயே அவரை இருபத்து நாலு படியையும் ஒப்பிக்க வைத்தேன். கடைசியில் ஆறு நிமிஷத்தில் சொன்னார். சத்தியமும் செய்தார்.

மறுநாள் வெளியூரிலிருந்து ஒரு அம்மா எக்ஸாமினராக வந்திருந்தார். கையில் தாள், கண்ணில் தூக்கம். நான் நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தேன். பஞ்சர் அண்ணன் உள்ளே போனார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கதவைத் தட்டிவிட்டேன் மேடம்."

"ம்."

"அனுமதி கேட்டுவிட்டேன் மேடம்."

"ம்."

"கை கழுவிவிட்டேன் மேடம்."

"ம்."

நாலாவது படி வரவில்லை. பஞ்சர் அண்ணன் தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்."

"என்ன?"

"கை கழுவல மேடம். பொய் சொல்லிட்டேன். இருங்க, கழுவிட்டு வாரேன்."

சொல்லிவிட்டு ஓடினார் பாருங்கள் ஒரு ஓட்டம்! மூன்று மாடி இறங்கி, லாட்ஜ் குளியலறைக்குள் புகுந்து, "யாருய்யா நீ?" என்று மேனேஜர் துரத்த, திரும்பி மூன்று மாடி ஏறி வந்தார். முழங்கையில் ஒரு வாளி தொங்குகிறது. கழுவின கை எதிலும் படக்கூடாது என்று ரெண்டு கையையும் ஆகாயத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறார். கடிகாரத்தில் மிச்சம் ஐந்து நிமிஷம். நான் ஜன்னல் வழியாக, "சீக்கிரம்ணே! சீக்கிரம்!" என்று கத்தினேன். எக்ஸாமினர் என்னை முறைத்தார்.

அந்த மனுஷன் நிதானமாகக் குனிந்து பொம்மையிடம் மறுபடி கேட்டார். பதிலுக்கு நின்றார்.

நான் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டேன்.

பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு செய்தார். டியூபை ரெண்டு விரலால் ஆடாமல் பிடித்தார். வெளிப்பக்கமாக மட்டும் துடைத்தார். ஒவ்வொரு தடவையும் துணியைத் திருப்பிப் புது இடம். பொம்மையின் தொடைக்கு அடியில் டியூப் மடங்கி நசுங்கிக் கிடந்தது. அன்றைக்கு அவருக்கு முன்னால் போன நாங்கள் ஒருத்தரும் அதைப் பார்க்கவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பித்தால் எங்கே பார்ப்பது? அவர் தொடையைத் தூக்கி அதை நிமிர்த்திவிட்டார். மஞ்சள் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் இறங்கியது.

துவட்டும்போது மணி அடித்துவிட்டது.

"நேரம் முடிஞ்சது. நிறுத்துங்க" என்றார் எக்ஸாமினர்.

"ஈரத்தோட விட முடியாது மேடம்" என்றார் இவர். துவட்டி, வேட்டியை மூடி, பையைக் கீழே மாட்டி, அழைப்பு மணியைப் பொம்மையின் கையில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

ஃபெயில். அந்த அம்மா தாளில் 'நேரம் கடந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு முழு மார்க்.

பஸ் ஸ்டாண்டு வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். "சத்தியம் பண்ணீங்களே, மனுஷனா நீங்க?" தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "வாயி சொல்லிருச்சு தங்கச்சி. கை ஒத்துக்கலயே." பஸ் ஏறும் வரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வேலையில் சேர்ந்தேன், பெண்கள் வார்டில். அவர் பஞ்சர் கடைக்கே திரும்பினார்.

மறு வருஷம் என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, டியூபோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வயல் வரப்பில் நின்று கத்தினால் ஊருக்கே கேட்கும், அப்படிப்பட்ட குரல் அவருக்கு. வந்த நாளிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகள் நான் தொடக்கூடாது என்று கையாலேயே விரட்டினார். என் வீட்டுக்காரர் டியூபைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஜாதி. வேறு வழியில்லாமல் ஏஜென்சியில் ஆள் கேட்டோம்.

வந்தான் ஒருத்தன், கழுத்தில் அட்டையோடு. கதவு திறந்தே கிடக்க, ஜன்னலும் திறந்தே கிடக்க, போன வேகத்தில் மாமனாரின் வேட்டியை உருவினான். சிறுநீர்ப் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேலேயே வைத்தான். பையில் இருக்கிறது திரும்பி உள்ளே போகாதா? வைத்துவிட்டு, போனைப் பார்த்தபடியே ஆரம்பித்தான். "கதவைத் தட்டிவிட்டேன். அனுமதி கேட்டுவிட்டேன். கை கழுவிவிட்டேன்."

முதலில் பையைக் கீழே இறக்கி மாட்டினேன். வேட்டியை மூடினேன். அப்புறம் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"எந்த மையத்துல படிச்சடா?"

"ஆரப்பாளையம்க்கா." என்னை உற்றுப் பார்த்தவன் முகம் மலர்ந்தது. "அக்கா, நீங்கதானே அந்த நாலு நிமிஷ அக்கா? உங்க போட்டோவ ஒட்டி வெச்சிருக்காங்க. மேடம் உங்களைச் சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க!"

அவனை அடிக்கத்தான் கை ஓங்கினேன். யாரை அடிப்பது என்று தெரியாமல் கையை இறக்கிவிட்டேன். "வெளிய போடா" என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அன்றைக்கே ஆரப்பாளையம் போய் அந்தப் போட்டோவைக் கிழித்து மேடம் மேஜையில் போட்டுவிட்டு, படியில் இறங்கும்போதே அவனியாபுரத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நாந்தேன்."

"தங்கச்சி! திட்டப் போறியா?"

"ஆமா. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாங்க, நேர்ல திட்டுறேன்."

வந்தார். கையில் பிளாஸ்க், கக்கத்தில் நீலம் போட்ட வேட்டி. "எங்கிட்ட சர்டிபிகேட் இல்லயே தங்கச்சி" என்று வாசலிலேயே தயங்கினார். "எவன் கேட்டாலும் என்னதக் காட்டுறேன். போங்கண்ணே உள்ள" என்றேன்.

மாமனார் அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. அதைத் தட்டினார்.

"ஐயா, வணக்கம். அவனியாபுரத்துல இருந்து வாரேன். உங்க டியூபத் தொடச்சு விடணும். உள்ள வரலாமா?"

பதில் இல்லை. நின்றார். எனக்கு வழக்கம்போல உள்ளே கொதிக்க ஆரம்பித்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

சுவர்ப் பக்கம் இருந்த தலை மெதுவாகத் திரும்பியது. வந்திருப்பவரை மேலும் கீழும் பார்த்தார் மாமனார்.

"வாப்பா" என்றார்.

பஞ்சர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்று பரீட்சையாக அவர் காத்துக்கொண்டிருந்த பதில் அல்லவா? கண் ரெண்டும் நிரம்பி நின்றது. "என்னத்தப் பாக்குறீங்க, தண்ணி ஆறுது" என்று அதட்டினேன்.

இன்றைக்கும் கடை திறப்பதற்கு முன்னால் வந்துவிட்டுத்தான் போகிறார். தினமும் தட்டுகிறார், தினமும் கேட்கிறார், தினமும் நிற்கிறார். எனக்கு வேலைக்குப் போகிற நேரம், பஸ் போய்விடும். ஆனாலும் அவர் அந்த வாசலில் நிற்கும்போது மட்டும் நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.